கோயம்புத்தூரில் தானிய வியாபாரமும் அரவையும் நூற்றாண்டுகளாக எப்படி மாறின என்று ஆராய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

வியாபாரத்தைத் தேடுவது ஒரு வேலை, அரவையைத் தேடுவது வேறு வேலை. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நான் ஒரு வருடத்தை வீணடித்தேன். விற்றதற்கும் வாங்கியதற்கும் வரி உண்டு, அதனால் எழுத்தும் உண்டு. வீட்டுத் திண்ணையோரம் கம்பு இடித்த பெண்ணிடம் யாரும் வரி கேட்கவில்லை. அதனால் எழுதியும் வைக்கவில்லை.

என் முதல் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆவணப் பட்டியல்களில் "மில்" என்று தேடினேன். நம் ஊரில் மில் என்றால் பஞ்சாலைதானே! 1888-ல் தொடங்கி நூற்பாலைகளாகவே வந்து கொட்டின, மாவு மில் ஒன்றுகூட இல்லை. பிறகுதான் நகராட்சி உரிமங்களின் பக்கம் போனேன். 1920-ம் வருட நகராட்சிச் சட்டப்படி இயந்திரம் வைக்க அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர்கள் "டி அண்ட் ஓ லைசென்ஸ்" என்று சொல்லும், ஆபத்தான, தொல்லை தரும் தொழில்களுக்கான உரிமமும் அந்தச் சட்டத்தில் வந்ததுதான். எந்தத் தெருவில், எத்தனை குதிரைத்திறன் மோட்டார் என்பதெல்லாம் இப்படிப்பட்ட காகிதங்களில்தான் அகப்படும். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

வியாபாரத்துக்கு முதலில் ஊரையே நடந்து பாருங்கள். சுங்கம், சுக்கிரவார்பேட்டை என்று பெயர்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: ஒன்று வரி வாங்கிய இடம், இன்னொன்று வெள்ளிக்கிழமைப் பேட்டை. ரங்கே கவுடர் வீதியில் காலையில் மூட்டை இறங்கும்போது போய் நில்லுங்கள், மொத்த வியாபாரம் கண்ணில் படும். அப்புறம் காகிதம். 1800-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தப் பக்கம் ஆய்வுப் பயணம் வந்த புக்கானன் பயிர்களையும் உள்ளூர் அளவைகளையும் குறித்து வைத்தார். 1887-ல் நிக்கல்சன் எழுதிய மாவட்டக் கையேடு இருக்கிறது. இடையில் 1862-ல் சென்னை–பேய்ப்பூர் ரயில் பாதை திறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியே மாட்டு வண்டி போன காலமும் ரயில் காலமும் அங்கேதான் பிரிகின்றன. 1876–78 பஞ்சத்தைத் தனியாகவே படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: வள்ளம், படி, மூட்டை என்ற அளவைகள் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு ஊர் வள்ளத்தை இன்னொரு ஊர் வள்ளத்தோடு கூட்டிவிடாதீர்கள். நான் கூட்டினேன்.

பழங்காலத்து அரவைக்குச் சாட்சியே இல்லை என்று நினைத்திருந்தேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்று கணக்குப் போட்டிருப்பதைப் பார்த்ததும் சரி, இதைத்தான் தேட வேண்டும் என்று புரிந்தது. குத்தியபின் எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். பேரூர், அவிநாசிக் கல்வெட்டுகளைப் புரட்டும்போதும் நெல்லும் அரிசியும் சேர்ந்து வரும் வரிகளைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

மீதி வயதானவர்களிடம்தான் கிடைக்கும். நான் கேட்டது என் அம்மிச்சியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம். "நெல்லுச் சோறு நோம்பிக்குத்தாங் கண்ணு. மத்த நாளெல்லாம் கம்பும் சோளமும்" என்றார். கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்த வேண்டுமாம். உலக்கைப் பூண் பட்டுத் தேய்ந்த உரலின் குழியில் இன்று மழைத் தண்ணீர் நிற்கிறது, கோழி குடிக்கிறது. "ரைஸ்மில்லு வந்தப்பறம் கைவலி போச்சு. ஆனா தவுடும் போச்சு, மில்லுக்காரனே வெச்சுக்குவான். எருமைக்குக் காசு குடுத்து வாங்கோணும்" என்றார். இது எனக்குத் தோன்றியே இராது. அதற்குப் பிறகு எந்த மில்லுக்குப் போனாலும் தவிடு யாருக்குப் போனது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

1955-ல் இங்கேயே வெட் கிரைண்டர் பிறந்தது, 1967-ல் சென்னையோடு கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள். இவை இரண்டையும் நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எனவே முதலில் அவர்களிடம் போங்கள். கல்வெட்டு எங்கேயும் போய்விடாது. நெல் அரவையை இப்போது பார்க்க வேண்டுமென்றால் காங்கேயம் பஸ் ஏறுங்கள்.