ஏர் பெட்டும் நாவலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மனைவிக்கு 52 வயது. நான்கு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கை, கால், பேச்சு மூன்றும் போயின. மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. ஏர் பெட் வாங்கிவிட்டதால் திருப்பிப் படுக்கவைக்கும் வேலை இல்லை. என் நாவல் 140 பக்கத்தில் நிற்கிறது. இரவு பதினொன்று முதல் இரண்டு வரை பக்கத்து அறையில் எழுதிப் பார்க்கிறேன். அவள் அப்படிக் கிடக்க நான் கதை எழுதுவது குற்றமாகப் படுகிறது. உறவினர்களும் அதையே சொல்கிறார்கள். நாவலை விட்டுவிடட்டுமா?

ந., கும்பகோணம்

அன்புள்ள ந.,

உறவினர்களை விடுங்கள். இரவு இரண்டு மணிக்கு வந்து ஒரு தடவை பெட்ஷீட் மாற்றிப் போட்டுவிட்டுப் பேசட்டும். நாவலுக்கும் பிறகு வருகிறேன். ‘ஏர் பெட் வாங்கிவிட்டதால் திருப்பும் வேலை இல்லை’ என்ற வரிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னது? விற்ற கடைக்காரரா?

ஏர் பெட்டில் இருப்பது இரண்டு வரிசைக் குமிழ்கள். மோட்டார் ஒரு வரிசையை உப்பவைக்கும்போது மற்றது தளரும். அழுத்தத்தை இடம் மாற்றுகிறதே தவிர எடுத்துவிடுவதில்லை. வால் எலும்புப் பக்கமும் குதிகாலும் அப்போதும் நசுங்கிக்கொண்டுதான் இருக்கும். இன்றைக்கே அவர் இடுப்புக்கு நேர் கீழே, ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கைக்கும் உடலுக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று நிற்க வேண்டும். எலும்பு தட்டினால் மோட்டாரில் அழுத்தத்தைக் கூட்டுங்கள். மேலே ரப்பர் ஷீட், அதன்மேல் மடித்த போர்வை என்று அடுக்கியிருந்தால் வாங்கிய காசு வீண். நடுவில் ஓட்டை போட்ட காற்று வளையமும் வேண்டாம். அது சுற்றியுள்ள சதைக்கு ரத்தம் போவதைத் தடுக்கும்.

பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், வலம், மல்லாக்க என்று மாற்றுங்கள். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பின் முனை அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை செருகிய 30 டிகிரி சாய்வு போதும். முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும். வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு நழுவும். உடம்பையும் இழுக்கக் கூடாது. குறுக்கே மடித்துப் போட்ட ஷீட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

திருப்பும்போதெல்லாம் தோலைப் பாருங்கள். புத்தகங்களில் ‘சிவந்திருக்கும்’ என்று போட்டிருக்கும். நம் நிறத்தில் சிவப்பு பெரும்பாலும் தெரியாது. கருத்த திட்டாகத் தெரியும், தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அதைத் தேய்த்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் படுக்கவைக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். காலையில் எந்தத் தடமும் இல்லையென்றால், இரவில் இடைவெளியைக் கூட்டலாமா என்று அவரிடமே கேளுங்கள். எவ்வளவு நேரம் என்பதைத் தோல்தான் சொல்லும், கடைக்காரர் அல்ல.

இனி உங்கள் எழுத்து நேரம். காலை ஒன்பது மணிக்குத் திருப்புகிறீர்கள் என்று வையுங்கள். உணவு அதற்குப் பிறகுதான். வயிறு நிறைந்தபின் புரட்டினால் எதிர்க்களித்து மூச்சுக்குழாயில் போகலாம், அப்புறம் நிமோனியாதான். கொடுக்குமுன் மூக்கருகே குழாயில் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் ஒரு சொட்டும் விடாதீர்கள். வடிகட்டிய கஞ்சி 200 மில்லி, சிரிஞ்சை அழுத்தாமல் தானாக இறங்க இருபது நிமிடம். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விடாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். பிறகு ஒரு மணி நேரம் தலைமாடு உயர்ந்தே இருக்க வேண்டும். கீழே சரியாமலிருக்க முட்டிக்கடியில் தலையணை. அந்த ஒரு மணி நேரம் நீங்கள் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் கைக்கு வேலையில்லை. மேசையைக் கட்டிலருகே போடுங்கள். பேச்சு போனவருக்குப் புரிதலும் போயிருக்க வேண்டுமென்பதில்லை. எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டலாமே! பக்கத்து அறையில் ஒளிந்து எழுதுவதால்தான் குற்றமாகப் படுகிறது.

இரவு எழுத்தை இன்றோடு நிறுத்துங்கள். இரண்டு மணிக்குப் படுத்தவர் காலையில் தூக்கக் கலக்கத்தில் எஸ்.ஆர். மாத்திரையைப் பொடித்துக் குழாயில் விடுவார். நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். பிசியோதெரபிக்கு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவையுங்கள்.

சமீபமாக லெனார்ட் வுல்ஃபைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலேய எழுத்தாளர், பிரிட்டிஷ் ஆட்சியில் யாழ்ப்பாணத்திலும் வேலை பார்த்த அதிகாரி. 1913இல் மனைவி, நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃபுக்கு மனநோய் முற்றியபோது அவர் நிலையைத் தினமும் டைரியில் குறித்தார், தமிழ், சிங்கள எழுத்துகளைக் கலந்த சங்கேதத்தில். லெனார்டின் முதல் நாவல் அதே ஆண்டு வந்தது, இரண்டாவது 1914இல். அதன்பின் அவர் நாவலே எழுதவில்லை. அரசியல் எழுதினார், பதிப்பகம் நடத்தினார், ஏறக்குறைய எண்பது வயதில் தன்வரலாற்றை வெளியிடத் தொடங்கினார். உங்கள் நாவலும் நிற்கலாம். நின்றால் நிற்கட்டும், ஆனால் ஒரு மாதமாவது கட்டிலருகே உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கட்டிலில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள்: மணி, எந்தப் பக்கம், எவ்வளவு மில்லி, தோல். அடுத்த கடிதத்தில் நாவலைப் பற்றி எழுதுமுன், மெத்தைக்கு அடியில் கைவிட்டபோது என்ன தட்டுப்பட்டது என்று எழுதுங்கள்.