நாற்பது கோல் சாம்பியன்

அன்புள்ள ஐயா,

டப்ளினுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வீடு டிரம்கோண்ட்ராவில், டோல்கா பார்க் மைதானத்திலிருந்து பத்து நிமிட நடை. அங்கே ஆடுகிற ஷெல்போர்ன் கால்பந்து அணி 2024இல் அயர்லாந்து லீக் பட்டம் வென்ற சீசனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் பேச்செடுத்தேன். ஐரிஷ் நண்பர்களே சிரித்தார்கள். லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் என்றால் உயிரை விடுகிறவர்கள், தங்கள் ஊர் லீக்கை ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. ஒருவர் சொன்னார்: "36 ஆட்டத்தில் 40 கோல். 63 புள்ளி. இதுவா சாம்பியன்? பயிற்சியாளர் டேமியன் டஃப் பேரை வைத்துக் கிடைத்த விளம்பரம்தான் எல்லாம்." எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டஃப்பும் 2025 ஜூனில் விலகிவிட்டார். அப்படியானால் அந்தப் பட்டம் ஒரு மனிதரின் வேகத்தில் நடந்த தற்செயலா? அணியின் கோல் கணக்கைப் பார்த்தால் எனக்கும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

எஸ்., டப்ளின்

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொன்ன எண்கள் சரி. ஆனால் அவர் பாதியைத்தான் சொன்னார். ஷெல்போர்ன் அந்த சீசனில் எதிரணிகளிடம் வாங்கிய கோல் 27. ஓர் ஆட்டத்துக்கு ஒரு கோலுக்கும் குறைவு. இரண்டாமிடம் வந்த ஷாம்ராக் ரோவர்ஸ் 50 கோல் அடித்தது, 35 வாங்கியது, 61 புள்ளியில் நின்றது. ரோவர்ஸ் அதற்கு முன் 2020 முதல் 2023 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்ற அணி. அவர்களைவிடப் பத்து கோல் குறைவாக அடித்து, இரண்டு புள்ளி கூடுதலாக எடுத்தது ஷெல்போர்ன். எனக்கு அந்த சீசன் பிடித்ததற்கு இதுவே முதல் காரணம். அடிப்பதற்கு ஆள் குறைவு என்று தெரிந்த ஓர் அணி, எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதையும் தெரிந்து ஆடியது.

அந்த லீக்கின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேல்மட்டமான பிரீமியர் டிவிஷனில் பத்து அணிகள்தான். ஒவ்வோர் அணியோடும் வருடத்துக்கு நான்கு முறை மோத வேண்டும். பிப்ரவரியில் தொடங்குகிற சீசன் நவம்பரில்தான் முடியும். மூன்றாவது முறை சந்திக்கும்போது ஓரத்தில் ஓடும் உங்கள் விங்கர் எந்தக் காலில் பந்தை வாங்குவார் என்பதுவரை எதிரணிக்கு மனப்பாடம். வசந்தத்தில் ஷெல்போர்ன் முன்னால் ஓடியது, கோடையில் தடுமாறியது. அலுப்பு மட்டும் அதற்குக் காரணமில்லை. பிரிட்டனில் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கிற காலத்தில் ஜூலையும் அடங்கும். அயர்லாந்தில் அப்போது சீசனின் நடுப்பகுதி. தடுப்பரணில் நடுவில் நின்ற கேவின் மொல்லாய் அந்த ஜூலையில் ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குப் போனார். இங்கிலாந்தின் ஹல் சிட்டியிலிருந்து லோனில், அதாவது தற்காலிக இரவலாக, வந்திருந்த வில் ஜார்விஸும் போய்விட்டார். பாதி வழியில் இரண்டு தூண்களைக் கழற்றிக்கொண்டு போனால் எந்த வீடும் ஆடும். இங்கிலாந்தின் பெரிய கிளப் ஒன்றுக்கு இப்படி நடந்தால் அடுத்த வாரமே கோடிகளைக் கொட்டி இன்னொருவரை வாங்கிவிடும். இங்கே அந்தப் பணவசதி இல்லை.

அதே ஜூலையில் ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் தகுதிச் சுற்றும் வந்தது. ஜிப்ரால்டரின் செயின்ட் ஜோசஃப்ஸை வென்றார்கள், சூரிச்சிடம் தோற்றார்கள். அது சின்ன விஷயம்தான்.

நான் நிறைய எழுத வேண்டியது கடைசி நாளைப் பற்றி. 2024 நவம்பர் 1, வெள்ளிக்கிழமை. இடம் டெர்ரியின் பிராண்டிவெல். அந்த ஊரை வரைபடத்தில் தேடினால் ஐக்கிய ராஜ்யத்துக்குள் இருக்கும், வடக்கு அயர்லாந்தில். கலவரக் காலத்தில் எதிரணிகள் அங்கே வந்து ஆட மறுத்தன. டெர்ரி சிட்டி 1972இல் வடக்கு அயர்லாந்து லீக்கிலிருந்து விலகியது. பதின்மூன்று வருடம் பெரிய கால்பந்து இல்லாமல் கிடந்து, 1985இல் எல்லைக்கு இந்தப் பக்கம், அயர்லாந்து குடியரசில் உள்ள லீக்கில் சேர்ந்தது. இன்றும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லை தாண்டி வந்துதான் ஆடுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் டப்ளின் அணியின் தலைவிதி முடிவாக வேண்டியிருந்தது.

கணக்கு இதுதான். அன்று காலை ஷெல்போர்ன் ரோவர்ஸைவிட இரண்டு புள்ளி முன்னால். ஆனால் கோல் வித்தியாசத்தில், அதாவது அடித்த கோலிலிருந்து வாங்கியதைக் கழித்தால், ரோவர்ஸ்தான் மேலே. டெர்ரியில் டிரா ஆகி, தன் சொந்த மைதானமான டாலாவில் ரோவர்ஸ் வாட்டர்ஃபோர்டை வென்றுவிட்டால், இருவருக்கும் சமப் புள்ளி. பட்டம் ரோவர்ஸுக்கு, தொடர்ந்து ஐந்தாவது முறையாக. ரோவர்ஸ் வென்றது. உங்கள் நண்பர் இகழ்கிற அந்த நாற்பது கோல் எவ்வளவு பெரிய பாரமாக அந்த இரவு ஷெல்போர்னின் தலையில் உட்கார்ந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அடிக்காமல் விட்ட ஒவ்வொரு கோலும் அன்று திரும்பி வந்து நின்றது. எண்பது நிமிடம் தாண்டியும் 0-0. கடைசி சில நிமிடங்களில் ஹாரி வுட் அடித்தார். 1-0. அந்த நாற்பதில் கடைசியாக வந்தது அதுதான்.

இதே டெர்ரியைத்தான் 2006இல் ஷெல்போர்ன் முந்திப் பட்டம் வென்றது. இரண்டு அணிக்கும் 62 புள்ளி. அந்த முறை கோல் வித்தியாசம் ஷெல்போர்ன் பக்கம். அதற்கப்புறம் பதினெட்டு வருடம் பட்டமே இல்லை. நீங்கள் கேட்ட 'தற்செயலா' என்ற கேள்விக்குப் பதில் இந்தப் பதினெட்டு வருடத்தில்தான் இருக்கிறது.

2000 முதல் 2006 வரை ஏழு ஆண்டில் ஐந்து பட்டம். 2004இல் குரோஷியாவின் ஹைடுக் ஸ்ப்ளிட்டை வென்று, சாம்பியன்ஸ் லீக் மூன்றாம் தகுதிச் சுற்றில் ஸ்பெயினின் டெபோர்டிவோவை எதிர்கொண்டார்கள். டப்ளினில் கோலே வாங்காமல் டிரா செய்தார்கள், அங்கே போய் 3-0 தோற்றார்கள். அந்த உயரத்தை எட்டியது வருமானத்துக்கு மீறிய செலவில். பணம் வற்றியது. 2006இல் சாம்பியன் ஆன அணிக்கு 2007இல் பிரீமியர் டிவிஷனில் ஆட உரிமமே கிடைக்கவில்லை. பயிற்சியாளர் போனார், ஆட்டக்காரர்கள் போனார்கள். கோப்பையோடு இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். 2011இல் ஏறி 2013இல் இறங்கினார்கள். 2019இல் ஏறினார்கள், அடுத்த வருடமே, இடத்தைத் தக்கவைக்க ஆட வேண்டிய பிளே ஆஃபில் லாங்ஃபோர்டிடம் தோற்று மறுபடி இறங்கினார்கள். 2021இல் மறுபடி ஏறினார்கள். இதற்கு நடுவே டோல்கா பார்க்கையே இடித்து வீடு கட்டும் திட்டம் வந்தது. அந்த மைதானத்தைக் காப்பாற்றியது ரசிகர்கள் நடத்திய இயக்கம். நீங்கள் தினமும் கடந்து போகிற அந்தச் சுவர் இன்னும் நிற்பதற்கு அவர்கள்தான் காரணம்.

டஃப் 2021 நவம்பரில் வந்தபோது இதெல்லாம் நடந்து முடிந்திருந்தது. செல்சியில் இரண்டு முறை இங்கிலாந்து பட்டம் வென்றவர், அயர்லாந்துக்காக 100 ஆட்டம் ஆடியவர், ஆட்டக்காரராகத் தன் கடைசி நாட்களை 2015இல் ஷாம்ராக் ரோவர்ஸில் கழித்தவர். அவர் பெயரால் கூட்டம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் பெயர் மட்டும் புள்ளி வாங்கித் தராது. 2022இல் ஏழாமிடம், 2023இல் நான்காமிடம், 2024இல் முதலிடம். நடுவில் 2022 அயர்லாந்துக் கோப்பை இறுதியாட்டத்தில் அதே டெர்ரியிடம் 4-0 தோல்வி. இதில் எனக்குத் தெரிவது படிப்படியான உழைப்பு. அவர் விலகியதும் எல்லாம் சரிந்துவிடும் என்றுதான் பலர் நினைத்தார்கள். உதவியாளராக இருந்த ஜோயி ஓ'பிரையன் பொறுப்பேற்றார். 2025 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டின் லின்ஃபீல்டை வென்று, ஷெல்போர்ன் முதல் முறையாக ஓர் ஐரோப்பியப் போட்டியில் தகுதிச் சுற்றுகளைத் தாண்டி, பிரதான லீக் சுற்றுக்குள் நுழைந்தது. உள்ளூர் பட்டம் ரோவர்ஸிடமே திரும்பிப் போய்விட்டது, அதில் எனக்கு வருத்தம்தான்.

அந்த 2024 சீசனில் டண்டால்க் என்ற இன்னோர் ஐரிஷ் கிளப்புக்கு நடந்ததையும் உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள். 2014 முதல் 2019 வரை ஐந்து பட்டம், 2020இல் யூரோப்பா லீக்கில் ஆர்சனலோடு ஆட்டம். அந்தக் கிளப் 2024இல் பண நெருக்கடியில் மூழ்கப் பார்த்தது. கடைசி இடத்துக்கு வந்து தரமிறங்கியது. ஷெல்போர்ன் பதினெட்டு வருடம் முன்பு விழுந்த அதே பள்ளத்தின் விளிம்பில் இவர்கள் நின்றார்கள்.

ஐரிஷ்காரர்கள் லிவர்பூலைப் பார்ப்பதில் தவறில்லை, தலைமுறைகளாக அப்படித்தான். ஆனால் லீக் மாறிக்கொண்டிருக்கிறது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 18 வயது ஆகாத பையன்கள் இங்கிலாந்து கிளப்புகளுக்குப் போக முடியாது. முன்பு பதினாறில் கப்பலேறியவர்கள் இப்போது இரண்டு வருடமாவது உள்ளூர் அணிகளில் ஆடுகிறார்கள். நாளை உங்கள் நண்பர் டிவியில் கைதட்டப்போகிற பையன், இந்த வெள்ளிக்கிழமை உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே சரி, ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள். பெரும்பாலும் இரவு ஏழே முக்காலுக்கு ஆட்டம் தொடங்கும். டோல்கா பார்க்கில் ஐயாயிரம் சொச்சம் பேர்தான் உட்கார முடியும். ரோவர்ஸ் வருகிற நாள் என்றால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சிரித்த நண்பருக்கும் சேர்த்து ஒன்று. போய்வந்து எழுதுங்கள், முதல் பாதியில் தடுப்பரண் எப்படி நின்றது என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள்.