கிடை நாயின் காலில் முள் காயம்

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் செம்மறிக் கிடை வைத்திருக்கிறேன். காவலுக்கு இருக்கும் நாட்டு நாய் இரண்டு நாள்களாக முன்னங்காலை நொண்டுகிறது. பாதத்தில் சிறு காயம் இருக்கிறது. சீமைக்கருவேல முள் குத்தியிருக்கலாம். மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறேன். நாங்கள் போடும் வலி மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா?

பதில்: மாத்திரை கொடுக்க வேண்டாம். பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை நாயின் கல்லீரலையோ குடலையோ சிறுநீரகத்தையோ கடுமையாகக் கெடுக்கக்கூடியவை. பாதி மாத்திரை என்பதால் ஆபத்து நீங்கிவிடாது. அதோடு, வலி அடங்கிய நாய் அன்று மாலையே ஆடுகளின் பின்னால் ஓடத் தொடங்கிவிடும்.

மஞ்சள் பற்று காயத்தை மறைத்துவிடுவதால் முதலில் அதைக் கழுவி அகற்றுங்கள். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும் என்பதால், மூச்சு தடைபடாதபடி வாயைத் துணியால் கட்டிவிட்டு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்த நீரைக் காயத்தின் மேல் தாராளமாக ஊற்றிக் கழுவுங்கள். பிறகு வெளிச்சத்தில் விரல் இடுக்குகளையும் பாதத்தின் மெத்தைப் பகுதியையும் விரித்துப் பாருங்கள். முள்ளின் நுனி வெளியே தெரிந்தால் அது நுழைந்த போக்கிலேயே இடுக்கியால் இழுக்கலாம். தெரியாவிட்டால் ஊக்கால் கிளற வேண்டாம்; சீமைக்கருவேல முள் உள்ளேயே முறிந்து தங்கிச் சீழ் வைப்பது வழக்கம், அதை எடுப்பது மருத்துவர் வேலை.

கழுவிய காயத்தில், வெளிர் தேநீர் நிறம் வரும்வரை நீர் கலந்த போவிடோன் அயோடின் மருந்தை நாள்தோறும் இருமுறை இடுங்கள். ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். காயத்தைச் சுற்றியுள்ள தோலில் மட்டும் வேப்பெண்ணெய் தடவலாம். மண்ணெண்ணெய், பெட்ரோல் கூடவே கூடாது. கட்டுப் போட்டால் தினமும் மாற்றுங்கள். விரல்கள் வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுகிவிட்டது என்று பொருள். நக்குவதைத் தடுக்க, அடிப்பாகம் வெட்டிய பழைய பிளாஸ்டிக் வாளியைக் கழுத்துப்பட்டையோடு கட்டிவிடலாம். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் நன்றாகப் பயன்படும்.

மருந்தைவிடக் கடினமானது, கிடை நாயைக் கட்டிவைப்பதுதான். நொண்டல் முழுதும் நின்ற பின்னும் நான்கைந்து நாள்கள் நிழலில் கட்டியே வையுங்கள். அதுவரை கிடைக்கு வேறு காவல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை ஊன்றவே மறுத்தாலோ, வீக்கம் மேலேறினாலோ, சீழ் நாற்றம் அடித்தாலோ, புழு தெரிந்தாலோ, இன்னும் இரண்டு நாள்களில் நொண்டல் குறையாவிட்டாலோ கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தக் காயம் வேறொரு நாய் கடித்ததாக இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். கையுறை அணிந்து சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஏற்கெனவே வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.