ஒரு முட்டைக்கு எத்தனை தக்காளி?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வருஷம் வயதுக்கு வந்தபோது அவள் அப்பத்தா தினமும் காலையில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, மேலே நல்லெண்ணெயும் குடிக்க வைத்தார். அன்றிலிருந்து முட்டை வாடையே அவளுக்கு ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் முட்டையைக்கூடத் தோழியிடம் தள்ளிவிடுகிறாள். ஆனால் தக்காளி என்றால் உயிர், கழுவி அப்படியே கடிப்பாள். 'இரண்டு தக்காளி ஒரு முட்டைக்குச் சமம்' என்று என் கணவருக்குக் கைபேசியில் ஒரு செய்தி வந்ததாம், அதனால் முட்டையை விட்டுவிடு என்கிறார். தக்காளி விதை சிறுநீரகத்தில் கல்லாகிவிடும் என்று மாமியார் பயமுறுத்துகிறார். நான் வாரத்தில் மூன்று நாள் கடலை மாவில் தக்காளி, வெங்காயம் போட்டு டொமேட்டோ ஆம்லெட் ஊற்றித் தருகிறேன். அது போதுமா? ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4 என்று வந்திருக்கிறது.
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் அந்தக் கைபேசிச் செய்தியைத் தராசில் போட்டுவிடுவோம்.

ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராம் தக்காளியில் ஒரு கிராம்கூடத் தேறாது, 0.9 கிராம்தான். தக்காளியில் 100க்கு 94 பங்கு தண்ணீர், வேறு எப்படி இருக்கும்? ஒரு முட்டையின் புரதம் தக்காளியிலிருந்து வரவேண்டும் என்றால் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, எட்டு ஒன்பது பழம் சாப்பிட வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசாங்கமே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்ற சமயத்தில் இந்தக் கணக்கை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தால் அந்தச் செய்தியை அப்போதே அழித்திருப்பார். பி12 வைட்டமின் கணக்கு இன்னும் மோசம். கூடை கூடையாகத் தின்றாலும் தக்காளியிலிருந்து ஒரு துளி பி12 வராது. முட்டையில் அது இருக்கிறது.

அதற்காகத் தக்காளியைத் தண்ணீர்ப் பழம் என்று தள்ளிவிட முடியாது. முட்டையில் வைட்டமின் சி அறவே கிடையாது, நார்ச்சத்தும் கிடையாது. தக்காளியில் இரண்டும் உண்டு. 100 கிராமுக்கு 15 முதல் 25 மில்லிகிராம் வைட்டமின் சி கிடைக்கும், பொட்டாசியமும் கணிசமாக உண்டு. (கொய்யாவில் 200 மில்லிகிராமைத் தாண்டும், ஆகவே வைட்டமின் சி-க்குத் தக்காளிதான் ராஜா என்றும் யாரும் சொல்ல வேண்டாம்.) ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லை. இவை இரண்டையும் 'சமம்' போட்டு நிறுத்துவது, வீட்டுக்குச் செங்கல் வேண்டுமா ஜன்னல் வேண்டுமா என்று கேட்பது மாதிரி.

இப்போது உங்கள் டொமேட்டோ ஆம்லெட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான். ஏனென்றால் விடையை நீங்களே கல்லில் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள், பெயரில்தான் ஏமாந்துவிட்டீர்கள். முட்டைக்கு ஈடு கொடுப்பது அதில் இருக்கும் தக்காளி இல்லை, கடலை மாவு. 100 கிராம் கடலை மாவில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. ஓர் ஆம்லெட்டுக்கு 40 கிராம் மாவு போட்டால் எட்டு கிராம் சுமாருக்கு வந்துவிடும், ஒரு முட்டையைவிடக் கூடவே. முட்டைப் புரதத்தில் உடம்புக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் எல்லாம் சரியான அளவில் இருக்கும், பருப்புப் புரதத்தில் மெத்தியோனின் என்ற ஒன்று கொஞ்சம் குறைவு. அரிசியில் அது இருக்கிறது. மொறுமொறுப்பாக வரட்டும் என்று மாவில் இரண்டு ஸ்பூன் அரிசி மாவு சேர்ப்பீர்களே, அதை விடாமல் சேருங்கள். பி12-க்கு இரண்டு வேளை பாலோ தயிரோ போகட்டும். ஒரு பெரிய டம்ளர் பாலில், ஒரு முட்டையில் இருக்கும் அளவுக்குக் குறையாமல் பி12 கிடைத்துவிடும்.

வாரத்தில் மூன்று நாள் என்பதைத்தான் போதாது என்பேன். மற்ற நாட்களில் சுண்டல், பாசிப்பயறு, நிலக்கடலை ஏதாவது ஒன்று சாயங்காலம் இருக்கட்டும்.

ஆனால் அவள் முட்டையையே விட்டுவிட வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்கு முட்டை பிடிக்காமல் போகவில்லை, அந்தக் கிண்ணம்தான் பிடிக்காமல் போயிருக்கிறது. வெறும் வயிற்றில் வழவழவென்று பச்சை முட்டை, அதன் மேல் மிதக்கும் எண்ணெய், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. எங்கள் வீட்டிலும் அந்தச் சடங்கு உண்டு. பாயில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன், பெரியம்மா டம்ளரோடு வருகிறாரா என்று. வருஷங்கள் ஆகியும் அந்த வழவழப்பு தொண்டையில் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தனை பாடுபட்டும் லாபம் பாதிதான். பச்சை முட்டையின் புரதத்தில் பாதியளவைத்தான் உடம்பு எடுத்துக்கொள்கிறது, வேகவைத்ததில் 100க்கு 90 பங்கு வரை எடுத்துக்கொள்கிறது என்று பெல்ஜியத்தில் 1998இல் அளந்து பார்த்திருக்கிறார்கள். பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் என்ற புரதம் பயோட்டின் வைட்டமினைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வெந்துவிட்டால் அதன் வேலை நடக்காது. சால்மோனெல்லா கிருமியால் வயிற்றுப்போக்கு வரும் அபாயம் வேறு.

கவிச்சியைப் போக்கத் தக்காளியைவிட நல்ல கூட்டாளி கிடையாது. இதைச் செய்து பாருங்கள். சின்ன வெங்காயம் வதங்கியதும் நாலு பழுத்த நாட்டுத் தக்காளியை நறுக்கிப் போட்டு, தீயைக் குறைத்து, எண்ணெய் பிரியும் வரை விடுங்கள். அவசரப்பட வேண்டாம், கால் மணி நேரம் ஆகும். ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் ஒதுங்கும் பாருங்கள், அதில் மிளகாய்த்தூளின் நிறமும் உண்டு என்றாலும் தக்காளியின் லைகோபீனும் இருக்கிறது. லைகோபீன்தான் தக்காளிக்குச் சிவப்பைக் கொடுப்பது, அது கொழுப்பில் கரையும் பொருள். தக்காளியை வதக்காமல் பச்சையாகக் கடித்தால் அதில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். எண்ணெயில் வதக்கினால் செல்சுவர் உடைந்து அதிகமாகச் சேரும். வதக்கும்போது வைட்டமின் சி கொஞ்சம் போய்விடும், அதற்குத்தான் அவள் பச்சையாகக் கடிக்கிறாளே.

அந்தத் தொக்கில் ஒரே ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் போட்டு, நன்றாகக் கிளறி உதிர்த்துவிடுங்கள். முதல் வாரம் தக்காளி நாலு பங்கு, முட்டை ஒரு பங்காகவே இருக்கட்டும். ஒளித்துவைத்துக் கொடுக்காதீர்கள், பதிமூன்று வயதுப் பிள்ளை கண்டுபிடித்தால் அப்புறம் தொக்கையும் தொடமாட்டாள். முட்டை போட்டிருக்கிறேன், வேண்டுமானால் சாப்பிடு என்று சொல்லுங்கள். அவித்த முட்டை கொடுப்பதாக இருந்தால் பத்து நிமிஷத்துக்கு மேல் கொதிக்க விடாமல் உடனே பச்சைத் தண்ணீரில் போடுங்கள். அதிகம் வெந்தால் வெள்ளைக்கருவில் இருக்கும் கந்தகம் வாடை கிளப்பும், மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழுவதும் அதனால்தான்.

மஞ்சள் கருவை எடுத்து எறியாதீர்கள். முட்டைப் புரதத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அதில்தான் இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, கோலின் என்ற சத்து எல்லாம் அங்கேதான். அதில் இருக்கும் கொழுப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் தக்காளி, கேரட், கீரை கலந்த பச்சைக் காய்க் கலவையை முட்டையோடும் முட்டை இல்லாமலும் சாப்பிடக் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். மூன்று முட்டை சேர்த்துச் சாப்பிட்டபோது காய்களின் நிறமிச் சத்துகள் பல மடங்கு அதிகமாக உடம்பில் ஏறியிருந்தன. கொலஸ்ட்ரால் என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால், வளர்கிற பிள்ளைக்கு நாளுக்கு ஒரு முட்டை என்பதில் பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். உங்கள் கணவருக்குச் சர்க்கரையோ இதயக் கோளாறோ இருந்தால் அவர் அளவை அவருடைய மருத்துவர் சொல்லட்டும்.

தக்காளி விதையில் கல் வராது. கல்லுக்குக் காரணமாகச் சொல்லப்படும் ஆக்சலேட் தக்காளியில் 100 கிராமுக்குச் சில மில்லிகிராம்தான். பசலைக்கீரையில் அது நூற்றுக்கணக்கில் இருக்கும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் பொட்டாசியத்துக்காகத் தக்காளியைக் குறைப்பது வேறு விஷயம், அது உங்கள் மகளுக்குப் பொருந்தாது.

நீங்கள் கடைசி வரியில் எழுதிய 10.4-ஐத்தான் நான் முதலில் படித்தேன். இந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இதை முட்டையும் சரிசெய்யாது, தக்காளியும் சரிசெய்யாது. முட்டையில் இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு, அதையும் மஞ்சள் கருவில் இருக்கும் ஒரு புரதம் இறுகப் பிடித்துக்கொள்ளும். தக்காளியில் அதைவிடக் குறைவு. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, முட்டையைப் போல அதுவும் கைமாறுகிறதா என்று கேளுங்கள். அது ரத்தசோகை வராமல் தடுப்பதற்கான அளவு. அவளுக்கு இப்போது தினசரி மாத்திரை தேவைப்படலாம், குடற்புழு மருந்தும் தேவைப்படலாம். மாதவிடாயில் அதிகம் போகிறதா என்பதையும் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், இந்த வாரமே. மாத்திரை போடும் நேரத்தில் பாலோ டீயோ கொடுக்காதீர்கள். சாப்பாட்டில் தக்காளி இங்கேதான் உதவும். முருங்கைக்கீரைப் பொரியலும் பருப்பும் இருக்கிற தட்டில் வேகவைக்காத ஒரு பழுத்த தக்காளியோ எலுமிச்சைச் சாறோ இருந்தால், அந்த வைட்டமின் சி கீரையின் இரும்பை உடம்பில் சேர்க்கும்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். பச்சை முட்டையோடு அவர் உளுந்தங்களியும் கிண்டிக் கொடுத்திருப்பாரே? கறுப்பு உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய். உளுந்திலும் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு, பேத்தியும் விரும்பிச் சாப்பிடுவாள். வாரம் ஒருநாள் அதைக் கிண்டித் தரும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள். அந்த முட்டைக் கிண்ணத்தை மட்டும் பரணில் ஏற்றிவிடுங்கள்.