Re: ஓவியம்/வடிவமைப்பில் செய்முறை சார்ந்த பிஎச்டி: முன்மொழிவு திரும்பி வந்துவிட்டது

வணக்கம். அவுரிச் சாயத் துணிகளை வைத்து பிரிட்டனில் பிஎச்டி செய்ய விண்ணப்பித்து, "இது போர்ட்ஃபோலியோ (படைப்புகளின் தொகுப்பு), ஆய்வல்ல" என்று திரும்பி வந்ததாக எழுதியிருந்தீர்கள். உங்கள் துணிகளில் குறையில்லை, கேள்விதான் இல்லை. "அவுரியில் புதிய தொகுப்பு உருவாக்குவேன்" என்பது ப்ராஜெக்ட். "துணியைத் தொட்டியில் முக்கும் ஒவ்வொரு தடவையும் மாறும் நீலத்தைக் குறையாகத் தள்ளாமல் வடிவமைப்பின் அடிப்படையாக்க முடியுமா?" என்று கேளுங்கள், அது நெய்து, சாயமேற்றித்தான் விடை காணக்கூடிய கேள்வி. 1993இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டின் பேராசிரியர் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங், கலை ஆய்வைக் கலையைப் பற்றிய ஆய்வு, கலை வழியான ஆய்வு, கலைக்கான ஆய்வு என்று மூன்றாகப் பிரித்தார். உங்களுடையது இரண்டாவது.

இன்றே ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு முறை முக்கும்போதும் தொட்டியின் பிஎச் (அமில, கார அளவு), வெப்பம், நேரம், பக்கத்தில் ஒரு துண்டுத் துணி. திட்டுத் திட்டாகப் போனதையும் ஒட்டுங்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பெரும்பாலும் அதைத்தான் கிளறுவார்கள்.

ஆய்வேடு 80,000 சொல் எழுதணுமே என்ற பயம் வேண்டாம். படைப்பும் சேர்ந்தால் பல பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ பாதிதான். அந்தந்தத் துறையின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாயக்காரர்களைப் பேட்டி எடுப்பதென்றால் முதலில் பல்கலைக்கழகத்தின் எதிக்ஸ் (ஆய்வு நெறிமுறை) அனுமதி வாங்கிவிடுங்கள், பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள்.

மேற்பார்வையாளர் துணி தெரிந்தவரா என்று பாருங்கள், பல்கலையின் பெயர் அப்புறம். திருத்திய கேள்வியை இங்கேயே போடுங்கள், பார்க்கலாம்.