முன் ஆசனத்தில் யார்?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது, நீரிழிவு இருக்கிறது. மாதம் ஒரு தடவை புதுக்குடியிருப்பிலிருந்து யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்கு வான் பிடித்துக் கூட்டிச் செல்கிறோம். விசுவமடு தாண்டுவதற்குள் சத்தி தொடங்கிவிடும். அதற்குப் பயந்து முதல் நாள் இரவிலிருந்தே சாப்பிடமாட்டார். முன்னால் என் கணவர் இருப்பார், அம்மா கடைசி ஆசனத்தில் சுருண்டு கிடப்பார். இஞ்சி, தேசிக்காய் கொடுத்தும் பயனில்லை. வேறு கைமருந்து உண்டா?

பதில்: பிள்ளை, உங்கள் கணவருக்குப் பயணத்தில் சத்தி வருமா? வந்தால் எழுதியிருப்பீர்கள். அப்படியானால் முன் ஆசனத்தில் அவருக்கு என்ன வேலை?

வானின் ஆட்டத்தை உட்காது உணர்கிறது. பின்னால் சுருண்டு கிடப்பவரின் கண்ணுக்கோ எதிரிலுள்ள ஆசனத்தின் முதுகு மட்டுமே தெரிகிறது, அது அசைவதில்லை. காதும் கண்ணும் முரண்படும்போதுதான் வயிற்றைப் பிரட்டுகிறது. பின்சில்லுக்கு மேலேதான் ஆட்டமும் அதிகம். வானுக்குள் ஆக மோசமான இடத்தை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு இஞ்சியைக் குறை சொல்கிறீர்கள்.

மருமகனைப் பின்னால் இருத்துவது மரியாதையில்லை என்று அம்மாவே மறுத்திருப்பார். எங்கள் ஊர்த் தாய்மார் அப்படித்தான். மல்லாவியிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் இதே கதையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அவர் மறுப்பதைச் சாட்டாக வைத்துக்கொள்ளாதீர்கள். மருமகனும் மகன்தான் என்று நம்பித்தானே உங்களைக் கட்டிக்கொடுத்தார்? பெற்ற தாய் பின்னால் சத்தி எடுக்க, மகன் முன்னால் இருந்து சாரதியோடு கதைத்துக்கொண்டு வருவானா? அவரே கதவைத் திறந்து, "மாமி, நீங்கள் இதில் இருங்கள்" என்று சொல்ல வேண்டும். சொல்ல உங்களுக்குக் கூச்சமென்றால் இந்தப் பக்கத்தை அவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

முன்னால் இருந்ததும் தலையைச் சாய்த்து, தூரத்து வீதியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனையிறவில் நீரேரியும் வானமும் தொடும் கோடு தெரியும், கண்ணை அதில் வைத்திருக்கட்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

அந்தப் பட்டினியை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? நீரிழிவுக் குளிசை எடுப்பவர் சாப்பிடாமலிருந்தால் இரத்தத்தில் சீனி இறங்கி வியர்வையும் மயக்கமும் வரலாம். அதையும் பயணத்தின் மேல் போட்டுவிடுவீர்கள். இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்ன நாளில் குளிசையை என்ன செய்வதென்று கிளினிக்கில் கேளுங்கள். மற்ற நாட்களில் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக இரண்டு இடியப்பம் கொடுங்கள். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். சீனி போடாத வேர்க்கொம்புத் தேநீர் சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுக்கிறாரென்றால் வைத்தியரைக் கேட்காமல் வேர்க்கொம்பைக் கொடுக்காதீர்கள். தேசிக்காயை முகர்வதால் கெடுதல் இல்லை.

நீங்கள் அம்மாவுக்கு நேர் பின்னால் தண்ணீரோடு இருங்கள். கடைசி ஆசனத்தில் உங்கள் கணவர் இருக்கட்டும். அடுத்த கிளினிக் முடிந்ததும், அம்மா எந்த ஊர்வரை சத்தி எடுக்காமல் போனார் என்று எனக்கு எழுதுங்கள்.