தாராளவாதமும் பழமைவாதமும்: அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்

கேள்வி: அரசு மருத்துவக் காப்பீட்டை அமெரிக்கப் பழமைவாதிகள் கடுமையாக எதிர்க்கும்போது, ஐரோப்பியப் பழமைவாதிகள் அதை ஏற்றுக்கொள்வது ஏன்?

பதில்: இரு தரப்பும் கட்டிக்காக்க நினைக்கும் மரபுகள் வேறு. 1787-இல் எழுதப்பட்டு, மைய அரசின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த அரசமைப்புச் சட்டமே அமெரிக்கப் பழமைவாதிக்கு மூதாதையர் சொத்து; ஆகவே அரசு விரிவடைவதையே அவர் மரபு மீறலாகக் காண்கிறார். ஐரோப்பியப் பழமைவாதமோ அரண்மனை, தேவாலயம், நிலப்பிரபுக்கள் ஆகியோரின் நிழலில் வளர்ந்தது; குடிகளைப் பேணுவது ஆள்வோர் கடமை என்பது அதன் பழைய நம்பிக்கை. 1878-இல் சோசலிஸ்டுகளை ஒடுக்கச் சட்டம் கொண்டுவந்த ஜெர்மனியின் பழமைவாதச் சான்சலர் (அரசுத் தலைவர்) பிஸ்மார்க்தான் 1883-இல் ஜெர்மானியத் தொழிலாளர்களுக்குக் கட்டாய மருத்துவக் காப்பீட்டையும் கொண்டுவந்தார். இது வெறும் கருணையன்று. தொழிலாளர்கள் சோசலிஸ்டுகளின் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது. பிரிட்டனில் தொலைபேசி, எரிவாயு நிறுவனங்களைத் தனியாருக்கு விற்ற மார்கரெட் தாட்சர்கூட, தொழிற்கட்சி 1948-இல் தொடங்கிய தேசிய மருத்துவ சேவையைக் கலைக்கவில்லை. அமெரிக்காவிலோ, ஒபாமாவின் 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் தனியார் காப்பீட்டு நிறுவனங்களைப் பெரிதும் சார்ந்திருந்தும், இறுதி வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட அதை ஆதரிக்கவில்லை.

கேள்வி: ஜெர்மனியின் தாராளவாதக் கட்சியை அமெரிக்க ஜனநாயகக் கட்சிக்கு இணையாகக் கொள்ளலாமா?

பதில்: தனிமனித உரிமைகளில் ஓரளவு கொள்ளலாம், பொருளாதாரத்தில் முடியாது. சுதந்திர ஜனநாயகக் கட்சி எனப்படும் அந்தக் கட்சி குறைந்த வரியையும் அரசுக் கடனுக்குக் கடிவாளத்தையும் வலியுறுத்துவது. கடன் வரம்பைத் தளர்த்த அதன் அப்போதைய தலைவரும் நிதியமைச்சருமான கிறிஸ்டியான் லிண்ட்னர் மறுத்ததால்தான் 2024 நவம்பரில் சான்சலர் ஷோல்ஸின் கூட்டணி அரசு உடைந்தது. அமெரிக்கத் தாராளவாதிகளோ 1930-களில் ரூஸ்வெல்ட் காலம் தொட்டு அரசின் தலையீட்டை ஆதரிப்பவர்கள். 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதன் பெரும் அடையாளம். ஐரோப்பாவில் அவர்களுக்கு நெருங்கிய உறவினர் சமூக ஜனநாயகக் கட்சிகளே.

கேள்வி: அமெரிக்க இடதுசாரிகள் புகழும் டென்மார்க் சோசலிச நாடுதானா?

பதில்: இல்லை. உயர்ந்த வரியும் விரிவான நலத்திட்டங்களும் கொண்ட சந்தைப் பொருளாதாரம் அது. அங்கே குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சட்டமே கிடையாது. தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் பேசி முடிவு செய்கிறார்கள்.

கேள்வி: கருக்கலைப்பு, தன்பால் திருமணம் ஆகியவற்றில் ஐரோப்பியப் பழமைவாதிகள் மிதவாதிகள்தானே?

பதில்: மேற்கு ஐரோப்பாவை மட்டும் பார்ப்பவர்களின் முடிவு இது. இங்கிலாந்தில் 2013-இல் தன்பால் திருமணச் சட்டத்தை முன்னெடுத்தவர் கன்சர்வேட்டிவ் பிரதமர் கேமரன்தான். ஆனால் அவர் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அதற்கு வாக்களித்தனர். போலந்தில் பழமைவாத 'சட்டமும் நீதியும்' கட்சியின் ஆட்சியில், 2020-இல் அரசமைப்புத் தீர்ப்பாயம் கருக்கலைப்பை ஏறக்குறைய முழுவதுமாகத் தடைசெய்தது. அதே ஆட்சிதான் 2016-இல் குழந்தைகளுக்காகக் குடும்பங்களுக்கு மாதம் 500 ஸ்லோட்டி வழங்கும் திட்டத்தையும் தொடங்கியிருந்தது.